அறுபது நாள் நிபந்தனை

டாலர் பே, மிச்சிகன்
8 பிப்ரவரி 2021

டோரீன்,

வீட்டுக்கு விலை கேட்டு விண்ணப்பம் போடுகிறவர்கள், கூடவே விற்கிறவருக்கு ஒரு கடிதமும் வைப்பது வழக்கம். "உங்கள் வீட்டுக்குள் கால் வைத்ததுமே மனம் நிறைந்துவிட்டது, சமையலறை ஜன்னலோரம் எங்கள் பிள்ளைகள் பாடம் எழுதுவது கண்ணில் தெரிகிறது" என்று உருகி எழுதி, நாயின் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புவார்கள். முப்பது வருஷமாக வீடு விற்கிற நீ அவற்றையெல்லாம் படித்துச் சிரித்திருப்பாய். என் முகவர் கேண்டிஸ் தொழிலுக்குப் புதிது. "நீங்களும் ஒண்ணு எழுதுங்க மார்லிஸ், விக்கிறவங்க மனசு இளகும்" என்றாள். விற்கிறவள் என் கூடப்பிறந்த அக்கா என்பது அவளுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

உன் வீட்டை எனக்குப் பிடித்திருக்கிறது. பதினோரு வருஷமாகப் பிடித்திருக்கிறது. ஹான்காக் மேட்டில், கால்வாயைப் பார்த்தபடி, ஒரு படிகூட இல்லாத வீடு. படுக்கையறையை ஒட்டியே, சூட்டில் உட்கார்ந்து வியர்த்துக் குளிக்க ஒரு சௌனா. மரம் விழுந்து இடுப்பு நொறுங்கிப்போன என் ரூடிக்கு அதைவிடத் தோதான வீடு இந்த ஊரில் வேறு இருக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து வரும்போது அதன் வாசலில் விற்பனைப் பலகையைப் பார்த்தேன். 'கன்டின்ஜென்ட்' என்று குறுக்கே ஒட்டியிருந்தது. உன்னிடம்தான் ஓடி வந்தேன். நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "அடியே, அது முடிஞ்ச கதை. கன்டின்ஜென்ட்னு போட்டா வித்தாச்சுன்னு அர்த்தம். அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத." வீட்டு விஷயத்தில் உன்னை நம்பாமல் யாரை நம்புவேன்?

மூன்று வாரத்தில், அதை வாங்க ஒப்பந்தம் போட்டிருந்த ஆளுக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் போயிற்று. அடுத்த மாதம் இறைச்சி அடைத்த பாஸ்டி வாங்கப் போன கடையில், "உங்க அக்கா கால்வாய் வீட்டுக்குக் குடி போயிட்டாங்களாமே" என்று எனக்குச் செய்தி சொன்னார்கள்.

இப்போது நானும் படித்துக்கொண்டேன். கன்டின்ஜென்ட் என்றால் மோதிரம் மாற்றியாயிற்று, அவ்வளவுதான். கடன் வர வேண்டும், வீட்டைச் சோதித்துப் பார்க்கிறவர் தலையாட்ட வேண்டும், சில சமயம் வாங்குகிறவரின் பழைய வீடு விற்க வேண்டும். எது தவறினாலும் கல்யாணம் நின்றுவிடும். அதற்குள் இரண்டாவது ஆளாக விலை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க யாருக்கும் வழி உண்டு. எல்லா நிபந்தனையும் தீர்ந்து, கையெழுத்து நாளுக்காக மட்டும் காத்திருந்தால்தான் பெண்டிங். இதை அன்றைக்கு நீ ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம்.

நீ கேட்ட இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் டாலரையும் ஒரு காசு குறைக்காமல் தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. முதலில் என் வீடு விற்க வேண்டும். அறுபது நாள் கொடு. உன் தொலைபேசி எண்ணை நான் இன்னும் தடுத்துத்தான் வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டியதை எழுது.

மார்லிஸ்


ஹான்காக்
12 பிப்ரவரி

மார்லிஸ்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கார்ல் உறையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "ஒன் தங்கச்சி எழுதியிருக்காடி! இனி நம்மளத் திட்டவாவது ஒரு ஆள் இருக்கு" என்று சிரித்து, சிரிப்பு இருமலாகி, பத்து நிமிஷம் உட்கார்ந்தபடியே இருந்தார்.

அவருக்கு நுரையீரல் போய்விட்டது. இந்தக் குளிரில் இன்னொரு பனிக்காலம் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அரிசோனாவில் மேசா என்ற ஊரில் சின்னதாக ஒரு வீடு பார்த்து ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். அந்த ஒப்பந்தமும் உன்னுடையதைப் போலத்தான். இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு. மார்ச் இருபத்தாறு வரை காத்திருப்பதாக அங்கே சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இந்த வீட்டுப் பலகையில் பெண்டிங் என்று மாறிவிட்டால் அவர்களுக்குப் போதும்.

பழைய கதைக்கு என் பதில் இதுதான். கன்டின்ஜென்ட் போட்ட வீடுகளில் பெரும்பாலானவை விற்றுத்தான் போகின்றன. நான் உன்னிடம் சொன்னது ஊரில் எல்லாரும் சொல்வது. அந்த ஆளுக்குக் கடன் கிடைக்காமல் போகும் என்று எனக்கு ஜோசியமா தெரியும்? வீடு திரும்ப விற்பனைக்கு வந்தது, வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் முகம் பார்க்காமல் இருந்தது நீ.

சரி, போகட்டும். உன் விலையை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேறு யாராவது இப்படி ஒரு நிபந்தனை வைத்திருந்தால், எழுபத்திரண்டு மணி நேர விதியை எழுதாமல் பேனாவையே தொட்டிருக்க மாட்டேன். அதாவது, இடையில் வேறு ஆள் வந்தால் மூன்று நாளில் நீ நிபந்தனையைக் கைவிட வேண்டும், இல்லையென்றால் ஒதுங்க வேண்டும். உனக்கு அதை எழுதவில்லை. தங்கையிடம் கழுத்தைப் பிடிப்பது போல இருந்தது. வழக்கமாக எழுதும் இரண்டே வரிதான் சேர்த்தேன், பக்கத்தில் நீயும் கையெழுத்துப் போடு. பத்து நாளில் உன் வீட்டை விற்பனைக்கு விட வேண்டும். நீ கேட்கும் விலையை யாராவது முழுதாகக் கொடுத்தால் மறுக்கக்கூடாது. ஏப்ரல் பதினாலோடு அறுபது நாள் முடிகிறது, ஆனால் உன் வீடு மார்ச்சுக்குள்ளேயே விற்றுவிடும் என்று நம்புகிறேன்.

அந்த வீட்டை நீ எடுத்துக்கொள்வதில் எனக்கு நிம்மதிதான். இதைக் கார்ல் எழுதச் சொல்லவில்லை.

டோரீன்


டாலர் பே
24 பிப்ரவரி

டோரீன்,

ஒன்பதாம் நாளே என் வீட்டை விற்பனைக்கு விட்டுவிட்டேன். சொன்ன சொல் தவறவில்லை. விலையைப் பார்த்தாயா? இரண்டு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம்.

இரண்டு படுக்கையறை. வசந்தத்தில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிற நிலவறை. புகை கக்குகிற சௌனா அடுப்பு. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிடைத்தால் அதிகம் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கேண்டிஸ் மயங்கி விழாத குறை. "மார்லிஸ், இந்த வெலைக்கு ஈ காக்கா எட்டிப் பாக்காது" என்றாள். "எட்டிப் பாக்கக் கூடாதுன்னுதாம்மா" என்றேன். நான் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தாள்.

இதை உனக்கு எழுதாமலே இருந்திருக்கலாம். ஆனால் நீ தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்கு இதில் பாதி ருசி போய்விடும். ஆகவே கேட்டுக்கொள். என் வீடு விற்கப் போவதில்லை. விற்கும் எண்ணமும் எனக்கு இல்லை. ரூடி பலகை பலகையாக அடித்த படகுத்துறை இங்கே இருக்கிறது, முப்பத்துநாலு வருஷம் வாழ்ந்த இடம் இது. அறுபது நாளும் உன் வாசல் பலகையில் கன்டின்ஜென்ட் என்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஊர் பார்த்துவிட்டு, "அது முடிஞ்ச கதை" என்று சொல்லிக்கொண்டு போகும். நீ சொல்லிக் கொடுத்த பாடம்தான். அறுபதாம் நாள், நிபந்தனை நிறைவேறவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, என் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வேன். அதற்குள் உன் அரிசோனா வீடு கைநழுவிப் போயிருக்கும்.

எழுபத்திரண்டு மணி நேர விதியை எழுதாமல் விட்டாயே, அதற்கு நன்றி.

மார்லிஸ்


ஹான்காக்
3 மார்ச்

மார்லிஸ்,

கார்லிடம் இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை. அவர் இன்னும் நீ சமாதானமாகிவிட்டாய் என்றே நினைத்து, சௌனாவுக்கு எந்த விறகு நல்லது என்று உனக்காகக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

உனக்கு வெட்கமாக இல்லை? என்மேல் உள்ள கோபத்துக்கு மூச்சுவிட முடியாத ஒரு மனுஷனைப் பணயம் வைக்கிறாய். கார்ல் உனக்கு என்ன கெடுதல் செய்தார்? ரூடி படுத்துக் கிடந்த பனிக்காலத்தில் உன் வாசல் பனியை வாரித் தள்ளியது யார்?

வக்கீலிடம் போனேன். ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்தார். "என்ன வெலை போடணும்னு இதுல எங்கயுமே எழுதலயே. இத யாரு எழுதுனது?" என்றார். அலுவலகத்தில் ஒரு புதுப் பெண் செய்தது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். உன்னால் இதுவும் ஆயிற்று. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுத்தவள் நான், என் வீட்டுக்கே ஓட்டை ஒப்பந்தம் எழுதியிருக்கிறேன்.

நேற்று ஒரு குடும்பம் வாசலில் வண்டியை நிறுத்தியது. அந்தப் பெண் கண்ணாடியை இறக்கி, பலகையைப் படித்து, உதட்டைப் பிதுக்கினாள். போய்விட்டார்கள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பனியில் செருப்போடு ஓடிப் போய், "இன்னும் விக்கல, ரெண்டாவது ஆளா எழுதிக் குடுங்க" என்று கத்தலாமா என்றிருந்தது.

விலையை இறக்கு. இல்லையென்றால் ஒப்பந்தத்தை முறித்துக் கையெழுத்துப் போடு. நான் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

டோரீன்


டாலர் பே
11 மார்ச்

டோரீன்,

செருப்போடு பனியில் ஓடத் தோன்றியதா? நல்லது. எனக்கு அப்படிப் பதினோரு வருஷம் தோன்றியிருக்கிறது.

கார்ல் பனி வாரியதை மறக்கவில்லை. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் நீ ரூடியின் பேரை எடுத்துவிட்டாய். அதனால் நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அவருடைய சவ அடக்கத்துக்கு நீ வந்தபோது நான் உன்னைத் தேவாலய வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன், அதனால் உனக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் சௌனா நிலவறையில். இறங்கப் பதின்மூன்று படி. வாரம் பூராவும் வலியில் முனகுகிற மனுஷனுக்குச் சனிக்கிழமை அந்தச் சூட்டில் உட்கார்ந்தால்தான் இரண்டு நாள் தூக்கம். நான் கையைப் பிடித்து இறக்குவேன், கையைப் பிடித்து ஏற்றுவேன். 2012 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பள்ளியில் ஏதோ விருந்து என்று என்னை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "வந்து எறக்குறேன், அதுவரைக்கும் சும்மா இரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். "நான் என்ன கொழந்தையா?" என்று சிரித்தார். நாலு மணிக்கு வந்தபோது கீழ்ப்படியில் கிடந்தார். இடுப்பில் துண்டு. கையில் இன்னொரு துண்டு, எனக்கு. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்து போய்விட்டார்.

உன் வீட்டில் படுக்கையறையிலிருந்து சௌனாவுக்கு எத்தனை படி, டோரீன்? ஒன்றுமில்லை. அந்தச் சனிக்கிழமை நீ அங்கே காலை நீட்டி உட்கார்ந்திருப்பாய். இதை நினைக்காமல் நான் ஒரு வாரம்கூடக் கடந்ததில்லை.

இப்போது அந்த வீடு எனக்கு எதற்கு? அங்கே கூட்டிப் போக ஆள் இல்லை. நீ போக நினைக்கிற இடத்துக்குப் போகக்கூடாது, அது போதும் எனக்கு. கையெழுத்துப் போட மாட்டேன்.

மார்லிஸ்


ஹான்காக்
19 மார்ச்

மார்லிஸ்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

பொய்தான் சொன்னேன். அன்றைக்கு உன்னிடம் சொன்னது பொய். அந்த ஆளுடைய கடன் தடுமாறுகிறது என்று எனக்கு முதல் வாரத்திலேயே தெரியும். அவருடைய முகவர் என்னோடு மதியம் சாப்பிடுகிறவர். நீ வந்து கேட்டதற்கு முந்தின நாள்தான் நான் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். சமையலறை ஜன்னலில் நின்றால் கால்வாயும் தூக்குப் பாலமும் தெரிந்தன. முந்நூறு வீடு விற்றிருக்கிறேன், ஒன்றின்மேலும் ஆசை வந்ததில்லை. அதன்மேல் வந்தது. நீ வாயைத் திறந்ததும், ஐயோ இவள் முந்திக்கொள்வாளே என்றுதான் நினைத்தேன். ரூடியின் இடுப்பு எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. இதைவிட நேராக எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது ஒரு காரியம். சிகாகோவிலிருந்து ஒரு தம்பதி தொலைபேசியில் பேசினார்கள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்கள். பலகையைப் பற்றிக் கவலைப்படாமல் கேட்ட முதல் ஆட்கள் இவர்கள்தான். ரொக்கமாகத் தருவார்கள். ஒப்பந்தத்தை முறிக்கும் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ போட்டால் இருபத்தாறுக்குள் மேசா வீட்டைக் காப்பாற்றிவிடலாம். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. கார்லுக்காகப் போடு.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாலு மைல் தூரத்துக்குத் தபால் இருநூறு மைல் தெற்கே போய்ச் சுற்றி வருகிறது. நானே வந்து உன் பெட்டியில் போடுகிறேன். கதவைத் தட்ட மாட்டேன்.

டோரீன்


டாலர் பே
24 மார்ச்

டோரீன்,

நீ பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் போனதைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நரைத்துவிட்டாய்.

பதினோரு வருஷம் கழித்து, காரியம் ஆக வேண்டும் என்றபோது வந்த உண்மை. காரியம் இல்லையென்றால் உன்னோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இன்னும் இருபத்தோரு நாள்.

மார்லிஸ்


ஹான்காக்
2 ஏப்ரல்

மார்லிஸ்,

மேசா வீடு போய்விட்டது. இருபத்தேழாம் தேதி காலையில் வேறு ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கார்லிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், உன் கடிதங்களைப் படிக்கக் கொடுத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "பதிமூணு படியா?" என்று மட்டும் கேட்டார். உனக்குச் சந்தோஷமாக இருக்கும். அனுபவி.

அனுபவித்து முடித்தாயா? இனி நான் சொல்வதைக் கேள்.

சிகாகோ தம்பதிக்கு என் வீட்டை விற்க வழியில்லை, நீதான் உட்கார்ந்துகொண்டிருக்கிறாயே. தொலைபேசியில் அவர்கள் குரலே இறங்கிவிட்டது. "இந்தப் பக்கம் வேற எதுவும் இல்லயா? தண்ணிக் கரையா இருந்தா நல்லாருக்கும்" என்றார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர்க் கரையில், சொந்தப் படகுத்துறையோடு, இரண்டு லட்சத்து எண்பத்தொன்பதாயிரத்துக்கு ஒரு வீடு இருக்கிறதே!

நீ ஒன்றை யோசிக்கவில்லை, மார்லிஸ். நமக்கு அது பைத்தியக்கார விலை. சிகாகோவில் அந்தப் பணத்துக்கு வண்டி நிறுத்துகிற கொட்டகை கிடைக்கும். "தப்பா அச்சடிச்சுட்டாங்களா, ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சா?" என்று அந்த மனுஷன் என்னிடம் கேட்டார். சரியான விலைதான், சீக்கிரம் போங்கள் என்றேன்.

நாளை மறுநாள் பார்க்க வருகிறார்கள். முழு விலை, ரொக்கம், கடன் நிபந்தனை இல்லை, சோதனை நிபந்தனையும் இல்லை. ஒப்பந்தத்தின் இரண்டாவது வரியை எடுத்துப் படி. கேட்ட விலையை முழுதாகக் கொடுத்தால் மறுக்கக்கூடாது. கையெழுத்து உன்னுடையது. படிக்காமல்தானே போட்டாய்? எந்த மடையன் இந்த விலைக்கு வரப்போகிறான் என்று நினைத்திருப்பாய்.

மறுத்தால் முன்பணம் போகும், கோர்ட்டுக்கும் இழுப்பேன்.

டோரீன்


டாலர் பே
6 ஏப்ரல்

டோரீன்,

வந்தார்கள். இரண்டு பேர், கன்றுக்குட்டி அளவில் இரண்டு நாய்.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். நிலவறைக்குக் கூட்டிப் போய்த் தண்ணீரைக் காட்டினேன். "மோட்டார் வெச்சு எறச்சுடலாம்" என்றான் அவன். குப்பைத் தொட்டிக்குக் கரடி வரும் என்றேன். அவள் கையைத் தட்டி, "நெஜமாவா? எந்த மாசம் வரும்?" என்று கேட்டாள். சௌனாவைப் பற்றவைத்து வீடு முழுக்கப் புகையாக்கினேன். "இதான், இந்த வாசனைதான் நம்ம தேடிக்கிட்டிருந்தது" என்று அவனைக் கட்டிக்கொண்டாள். நாய்கள் படகுத்துறையில் ஓடின. நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலையில் கேண்டிஸ் காகிதத்தோடு வந்தாள். குதிக்கிறாள். "மார்லிஸ், நீங்க மேதை! இந்த ஏரியாவுலயே இது ரெக்கார்டு!" எனக்குக் கடிதம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள், நாய் படத்தோடு. என் வீட்டைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டதாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கேண்டிஸ் சொன்ன வக்கீலிடம் கேட்டேன், வேறு வழியில்லை என்றார். ஏப்ரல் முப்பதோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

உனக்கு இனி இந்த விற்பனையால் ஒரு லாபமும் இல்லை, டோரீன். அரிசோனா போய்விட்டது. உன் வீட்டிலேயே இருந்துகொள். ஒப்பந்தத்தை முறித்துவிட்டால், நான் அந்தத் தம்பதியிடம் என் வீட்டை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்ப்பேன், அவர்கள் மனம் மாறினாலும் மாறலாம். உன் காகிதத்தை எரித்துவிட்டேன், புதிதாக ஒன்று அனுப்பு. நான் கேட்டு எழுதுகிற முதல் தடவை இது.

மார்லிஸ்


ஹான்காக்
10 ஏப்ரல்

மார்லிஸ்,

முடியாது.

நான் அன்றைக்குக் கெஞ்சினேன், நீ அடுப்பில் போட்டாய். கார்லுக்குச் சூடான ஊர் இல்லை என்றால் உனக்குப் படகுத்துறையும் இல்லை. அரிசோனாவில் வேறு வீடு அமையும்வரை இங்கேயே எங்காவது வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொண்டு போகிறோம். என்னிடம் பணம் இருக்கும், தெம்பும் இருக்கிறது. ஊரெல்லாம் உன்னை அதிர்ஷ்டக்காரி என்று பேசுகிறார்களாம். நீ மூட்டை கட்டுவதை நினைத்தால் எனக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது.

இன்று காலை உன் வீட்டுக்கும் பெண்டிங், என் வீட்டுக்கும் பெண்டிங். பலகையில் பட்டியை நானே என் கையால் மாற்றி ஒட்டினேன். முப்பதாம் தேதி பத்து மணிக்குக் கையெழுத்து. நேரத்துக்கு வா.

டோரீன்


ஹான்காக்
21 ஏப்ரல்

மார்லிஸ்,

இதை எழுதுவதற்கு முன் நாலு காகிதம் கிழித்தாயிற்று.

வீடு விற்ற பிறகும் சில நாள் அதே வீட்டில் வாடகைக்கு இருந்துகொள்ள விற்கிறவர், வாங்குகிறவரிடம் அனுமதி கேட்கலாம். அதற்கு ஒரு படிவம் உண்டு. நூறு பேருக்கு நான் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அப்படிக் கேட்கிறவர்களைப் பார்த்து, முன்னாலேயே யோசிக்கக் கூடாதா என்று மனதுக்குள் நினைத்திருக்கிறேன். இன்று என் பேரை எழுதி உனக்கு அனுப்புகிறேன். அறுபது நாள் கேட்டிருக்கிறேன்.

ஊர் முழுக்கத் தேடிவிட்டேன். ஹான்காக், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹௌட்டன், எல்லா இடமும். காலியாக இருப்பதெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் விட்டுப்போன மாடி வீடுகள். நேற்று ஒன்றைப் பார்க்கக் கார்லும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தார். பதினாறு படி. ஆக்ஸிஜன் குழாயோடு ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே போகவும் முடியவில்லை, கீழே இறக்கவும் பயமாக இருந்தது.

அங்கே நிற்கும்போது நீ எழுதியது ஒவ்வொரு வரியாக நினைவுக்கு வந்தது. பதினோரு வருஷமாக எனக்குத் தெரியாதது, அந்த ஐந்தாவது படியில் தெரிந்தது. கடிதத்தில் நான் உண்மை சொன்னேனே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நீ படிவத்தில் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் கேட்கிறேன்.

டோரீன்


டாலர் பே
25 ஏப்ரல்

டோரீன்,

வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். ரூடியின் தூண்டில்களைக் கட்டி முடித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாற்காலிகள் போய்விட்டன.

படிவம் வந்தது. முதலில் அடுப்பில் போடத்தான் எடுத்தேன். உனக்கு இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரசித்தேன். பிறகு கார்ல் ஐந்தாவது படியில் உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்துவிட்டது. அந்தப் படியை எனக்குத் தெரியும். அதனால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அது கார்லுக்காக.

ஆனால் உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீ என்னை இந்த வீட்டை விட்டுக் கிளப்பிவிட்டாய். முப்பதாம் தேதி இரவு எனக்கும் தங்க வேறு இடம் கிடையாது. படிவத்தில், வாங்கியவர் வெளியே இருப்பார் என்று அச்சடித்திருந்த வரியை அடித்துவிட்டு, நானும் அதே வீட்டில் இருப்பேன் என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் உன் முதலெழுத்தைப் போட்டு அனுப்பு. இரண்டு வரியையும் நன்றாகப் படித்துவிட்டுப் போடு.

சௌனாவை ஒட்டிய அறையில் கார்ல் இருக்கட்டும். நீயும் அவரோடு இரு. முன்னறை எனக்கு. வாடகையில் ஒரு டாலர் குறைக்க மாட்டேன். சனிக்கிழமைகளில் சௌனாவுக்கு நான் விறகு வைப்பேன், அவர் முதலில் குளிப்பார். தினமும் காலையில் நீ காபி போட்டு, அந்தச் சமையலறை மேஜையில் என் எதிரே உட்கார வேண்டும். பத்து கடிதத்தில் அடங்குகிற விஷயம் இல்லை இது. ரூடி அந்த ஒன்பது நாளும் என்ன பேசினார், எப்படிப் போனார், எல்லாம் உனக்குச் சொல்லப் போகிறேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளாமல் கேட்க வேண்டும். அறுபது நாளில் சொல்லி முடியாவிட்டால் இன்னும் இருக்கச் சொல்வேன்.

முப்பதாம் தேதி மாலை ஆறு மணிக்குப் பெட்டிகளோடு வருகிறேன். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறக்காதே.

மார்லிஸ்